ஊசி நின்ற இடம்

"ஊசியை மட்டும் அசைச்சிராத தங்கச்சி"
என்றுதான் முதலில் சொன்னா தவமலர் அக்கா,
பாண்டிருப்பிலிருந்து ஓட்டோவில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த றேடியோவை
என் மேசையில் இறக்குமுன்பே.

கல்முனை பஸாரில் என்னுடையது கைபேசிக் கடை.
சார்ஜ் ஏறாதவை, கண்ணாடி நொறுங்கியவை,
கல்லாற்றில் தோணியிலிருந்து விழுந்த ஒன்று
அரிசிப் பேணிக்குள்.
நடுவே இது,
ஒரு ஆட்டுக்குட்டியின் பாரத்தில்.

கண்ணாடியில் ஊர்ப்பெயர்கள்:
டெல்லி, கொழும்பு, றங்கூன், சிங்கப்பூர்.
ஊசி சிங்கப்பூரில்.
"அண்ணன் கடைசியாக் கேட்டது அது.
அங்கதான் போயிட்டான் எண்டு
அம்மா சாகுமட்டும் சொன்னவ.
எண்பத்தேழிலயிருந்து
ஒருத்தரும் திருகல்ல."

பின்மூடியைக் கழற்றினால்
கரப்பான் முட்டை, பல்லி எலும்பு,
உப்புக்காற்று தின்ற செம்பின் பச்சை.
மெழுகு பூசிய கண்டென்சர்கள்
வெயிலில் மறந்த பேரீச்சம்பழம்போல் கசிந்திருந்தன.
மறிக்கவேண்டிய மின்சாரத்தை
அப்படியே விட்டுக்கொண்டிருந்தது ஒன்று,
அடையாள அட்டை கேட்காத சென்றியைப் போல.
அப்படியொரு சென்றியை நான் கண்டதில்லை.

கோதுகளை எறியவில்லை.
சூட்டுக்காற்றில் மெழுகை இளக்கி
உள்ளிருந்ததை உருவி
புளியங்கொட்டை அளவில் புதியதொன்றை நுழைத்து
இருபுறமும் அதே மெழுகால் அடைத்தேன்.
வெளியே பழைய எழுத்து, பழைய அழுக்கு.
"இத ஆரு பாக்கப்போறா?" என்றான்
பக்கத்துக் கடை நிப்றாஸ்.
நான் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் கண்ணாடியைத் துடைக்கையில்
தூரிகை நுனி ஊசியில் பட்டது.
அது நூலில் இல்லை.
நூல் எப்போதோ அறுந்து
கப்பியில் சுருண்டு கிடந்தது.
ஊசியைப் பிடித்துவைத்தது தூசு மட்டும்.
பெட்டியைச் சற்றுச் சரித்தேன்,
சிங்கப்பூரிலிருந்து வழுக்கி றங்கூன் போனது.
நிமிர்த்தினேன்.
டெல்லி.
அஸர் பாங்கு முடியும்வரை
கையை எங்கும் வைக்காமல் இருந்தேன்.

உண்மையான இடம் உள்ளே இருந்தது:
ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு சீப்புகளாய்
அலுமினியத் தகடுகள்.
கடைசியாய் எதைக் கேட்டார்களோ
அந்த அளவுக்குக் கோத்திருக்கும்.
ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.
முழுக்க மூடியிருந்தன.
எந்த ஊரும் எழுதப்படாத ஓரம்.

பாட்டுக் கேட்கிறவர்கள் அப்படி மூடுவதில்லை.
திறந்த தகடு கைபட்டால் வளையும்.
தூக்கி வைக்குமுன்
வேலை தெரிந்தவர்கள் மூடுவார்கள்.
நானும் மூடுவேன்.

"அக்கா, அண்ணனுக்கு றேடியோ வேலை தெரியுமா?"

"ஒரு ஸ்க்றூட்றைவர் வச்சிருந்தவன்.
இதத் தூக்கி அலுமாரிக்கு மேல வச்சதும் அவன்தான்,
போறதுக்கு முதல்நாள்.
ஏன் புள்ள?"

ஊசியைச் சொன்னேன். நூலைச் சொன்னேன்.
தகடுகளைச் சொல்ல
இரண்டுமுறை தொடங்கவேண்டியிருந்தது.
மறுமுனையில் மீன்காரனின் ஹோர்ன்
வந்தது, போனது.

"அப்ப, பழுதாகாம வச்சிட்டுப் போயிரிக்கான்."
பிறகு,
"சிங்கப்பூர் இல்லையா?"

"அது ஊசிக்குத் தெரியாதக்கா."

சனிக்கிழமை வந்தா.
நேரே கறண்ட் கொடுக்கப் பயம்;
இடையில் ஒரு அறுபது வற் பல்ப் வைத்தேன்.
பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது.
மங்கினால் நல்லது என்றேன்,
அவ என்னை நம்பாமல் பார்த்தா.
வால்வுகள் சிவந்தன.
இரைச்சல், மணலில் வாளி இழுப்பதுபோல்.

புதிய நூலில் ஊசி ஓரத்தில் நின்றது.
அக்கா திருகியைப் பிடித்தா.
விட்டா.
சேலையில் கையைத் துடைத்தா.

அப்போது றேடியோ
டிறிறிக் டிறிறிக் என்றது.
இருவரும் துள்ளினோம்.
ஒரு நொடி பிந்தி
மேசையில் யாரோ திருத்தத் தந்த கைபேசி ஒன்று
அடிக்கத் தொடங்கியது.
எது எதுவென்று
ஒவ்வொன்றாய்ப் புரட்டித் தேடினோம்.